மூன்றாம் பிள்ளைக்கு ஒரு பெயர்

அத்தியாயம் 9

கண்டி கொழும்புத் தெருவில் சீலைக் கடை வைத்திருக்கும் உதுமா லெப்பை மரைக்காரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஒரே மகள் றம்லத்தை அக்குறணைத் தாவளக்கார வீட்டு அஸீமுக்குக் கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையைத் தன் வீட்டோடு வைத்துக்கொண்டவர். மாப்பிள்ளையின் குணத்தில் குறை சொல்ல இடமில்லை. மாப்பிள்ளையின் நானாவிடம், அதாவது அண்ணனிடம், இருக்கும் பொதிமாடுகளிலும் குறையில்லை. மரைக்கார் கண்ட ஒரே குறை அவர்களுடைய வீட்டுப் பெயரில்தான்.

மடிகேகெதர. ராஜா காலத்தில் அரண்மனைக்குப் பொதிமாடு ஓட்டிய குடும்பத்துக்குச் சிங்களத்தில் அமைந்த பெயர் அது. அக்குறணைப் பக்கத்து முஸ்லிம்களில் பலருக்கு இப்படி வீட்டுப் பெயர் முன்னால் வரும், ஆளின் பெயர் அதற்குப் பின்னால் வரும். மரைக்காரின் காதுக்கு அது மாட்டுக் கரத்தைச் சில்லு கல்லில் ஏறி இறங்குவதுபோல் கேட்கும்.

"வீட்டுப் பேர மாத்த ஏலாது," என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார். "பின்னால வர்ற பேர நல்லதா வச்சா, அது முன்னால உள்ளதையும் தூக்கி நிமித்தும்."

இரண்டு தடவை நிமிர்த்திப் பார்த்தார். மூத்த பேரனுக்கு ஷம்சுத்தீன் என்று வைத்தார். மார்க்கத்தின் சூரியன் என்று அர்த்தம். மடிகேகெதர ஷம்சுத்தீன் என்று சொல்லிப் பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். பிள்ளை நாற்பத்தொரு நாள் இருந்தது. அடுத்தவனுக்குக் கமருத்தீன், சந்திரன். அதையும் மெச்சினார்கள். அவன் மூன்று மாதம் தாண்டவில்லை.

போன கிழமை அத்தியாயத்தை, மூன்றாவதாகவும் ஆண் பிள்ளை பிறந்ததோடு நிறுத்தியிருந்தேன். கண்டிக்கு ரயில் வந்து மூன்றாவது வருஷத்து ஐப்பசி. மலையெல்லாம் காப்பி பழுத்து நிற்கிறது. இன்று பிள்ளைக்கு ஏழாம் நாள். தலைமுடி இறக்கி, ஆடு அறுத்து, பள்ளி லெப்பையைக் கூப்பிட்டுப் பெயர் வைக்க வேண்டும்.

மரைக்கார் ஆறு நாளாகவே ஆயத்தமாக இருந்தார். சூரியனும் சந்திரனும் போய்விட்டால் ஆகாயத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? நஜ்முத்தீன், நட்சத்திரம். சீலை கிழிக்கும்போதும் முழம் போடும்போதும் மடிகேகெதர நஜ்முத்தீன், மடிகேகெதர நஜ்முத்தீன் என்று சொல்லிச் சொல்லி நாக்கைப் பழக்கியிருந்தார். கடையில் வேலை செய்கிறவர்களையும் சொல்லவைத்துக் கேட்டார். இருபது வருஷத்தில் அந்தப் பெயர் கடைவாசலில் பலகையாகத் தொங்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

றம்லத்திடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

* * *

விடியலில் சுபஹு தொழுதுவிட்டு மரைக்கார் பள்ளியிலிருந்து திரும்பி, கிணற்றடியில் கால் கழுவலாம் என்று கொல்லைப்பக்கம் போனார். அங்கே கண்ட காட்சியில் அவர் கையிலிருந்த செம்பு நழுவிவிட்டது.

வீட்டுக் குப்பைமேட்டில், வாழைச்சருகுக்கும் சாம்பலுக்கும் நடுவில், ஒரு சுளகு. சுளகில் அவருடைய நட்சத்திரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

பக்கத்தில் ஒஸ்தா மாமி நின்றாள். தெருவில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் கையில் ஏந்துகிறவள் அவள்தான். ஹவ்வா உம்மா என்பது பெயர், ஆனால் தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியாது. பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, தலைமுக்காட்டோடு றம்லத் நின்றாள்.

"குப்பையில ஒரு புள்ள கெடக்குது," என்றாள் ஹவ்வா உம்மா, யாருக்கோ அறிவிக்கிறவள்போல். "யாரு பெத்துப் போட்டதோ தெரியாது. யாருக்காச்சும் வேணுமா?"

"எனக்கு வேணும்," என்றாள் றம்லத். "என்ன கேக்கிறீங்க?"

"ஒரு கொத்துத் தவிடு."

றம்லத் கொத்து நிறையத் தவிடு அளந்து நீட்டினாள். ஹவ்வா உம்மா அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, பிள்ளையைச் சுளகோடு தூக்கி அவள் கையில் கொடுத்தாள். கொடுக்கல் வாங்கல் முடிந்தது.

மரைக்கார் இரண்டெட்டு முன்னால் வந்தார். "என்ன கூத்து இது, ஒஸ்தா மாமி? சீலைக் கடைக்காரன் ஊட்டுல புள்ளயக் குப்பையில போடுறதா?"

"ரெண்டு போய் மூணாவதா வந்த புள்ளக்கி இது செய்ற வழமைதான், மரைக்கார்," என்றாள் ஹவ்வா உம்மா, சுளகைத் தட்டிக்கொண்டே. "பெத்த புள்ள இல்ல, பொறுக்கின புள்ள எண்டாச் சாவு திரும்பிப் பாக்காது. பேரும் அதுக்குத் தக்கினதா வைக்கணும். குப்பைத்தம்பி. அக்குறணையில என் கையால பொறுக்கின குப்பைத்தம்பி மூணு பேர் ஈக்கிறாங்க. மூணு பேருக்கும் தாடி நரைச்சிட்டுது."

மரைக்கார் மகளைப் பார்த்தார். அவள் பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மகள், குப்பைத்தம்பி எண்டு பலகை எழுதித் தொங்கப் போட்டா எவன் உள்ள வந்து சீலை வாங்குவான்? மடிகேகெதரயே ஒரு பாரம். அதுக்கு மேல குப்பையையும் ஏத்தச் செல்றியா?"

"பலகைக்குக் கீழ உக்கார ஆள் இருந்தாப் போதும், வாப்பா."

"நஜ்முத்தீன் எண்டு ஒருக்காச் செல்லிப் பாரு. காதுக்கு எப்பிடி ஈக்குது?"

"நல்லா ஈக்குது," என்றாள் றம்லத். "மத்த ரெண்டும் நல்லாத்தான் இருந்திச்சி. ஆகாசத்துல உள்ளது ஒண்டும் எனக்கு வேணாம். நெலத்துல கெடக்கிறது போதும்."

அவள் குரல் உயரவில்லை. சத்தம் போட்டிருந்தால் மரைக்காரும் சத்தம் போட்டு வென்றிருப்பார்.

* * *

அஸீமுக்கு அன்று மூன்று வேலை. காலையில் பதிவுகாரரிடம் போய்ப் பிறப்பைப் பதிய வேண்டும். பகலில் பெயர் வைக்க வீட்டில் இருக்க வேண்டும். பின்னேரம் அஸருக்குப் பிறகு புறப்பட்டுப் பேராதனையில் நிற்கும் நானாவின் பொதிமாட்டுத் தாவளத்தோடு புசல்லாவைக்குப் போக வேண்டும். அங்கே தோட்டத்து ஸ்டோரில் காப்பி மலையாகக் குவிந்திருக்கிறது. மாடுகள்தான் அதைக் கரத்தை ரோட்டு வரைக்கும் இறக்க வேண்டும், மழை அதற்காகக் காத்திருக்காது.

வாசலில் மரைக்கார் ஒரு கடதாசித் துண்டை அவன் கையில் வைத்தார். அதில் நஜ்முத்தீன் என்று தமிழிலும், கடைக் கிளாக்கரைக் கொண்டு இங்கிலீஷிலும் எழுதியிருந்தது.

"மருமகன், பொம்புளைப் புள்ள பயத்துல செல்றா. நாப்பது நாள் கழிஞ்சா எல்லாம் சரியாகிடும். நீங்க இதக் குடுத்துப் பதிஞ்சிட்டு வாங்க."

"சரி மாமா," என்றான் அஸீம். மாமனார் எதைச் சொன்னாலும் அவன் சொல்வது அதுதான். சரி என்பது அவனிடம் ஒரு மரியாதைச் சொல்.

அதற்கு முன்பே அறைக்குள் றம்லத்துக்கும் ஒரு தடவை சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

பதிவுகாரர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்ட பிறகுதான் யாரையும் நிமிர்ந்து பார்ப்பார். அவருடைய மேசையில் இரண்டு பெரிய புத்தகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. மேலே இருப்பது பிறப்பு, கீழே இருப்பது இறப்பு.

"இரும், கதிரையில இரும். நீர் மரைக்காற்றை மருமகன் அல்லோ? மூண்டாந்தரம் வாறீர்."

"அஞ்சாந் தரம், ஐயா."

ராஜரத்தினம் கணக்குப் பார்த்தார். இரண்டு பிறப்பு, இரண்டு இறப்பு, இன்றைக்கு ஒன்று. அவர் மேல் புத்தகத்தைத் திறந்து, தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த நாள், தெரு எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு பெயருக்கு உரிய கட்டத்துக்கு வந்ததும் கையை நீட்டினார். அஸீம் கடதாசித் துண்டைக் கொடுத்தான்.

"மடிகேகெதர நஜ்முத்தீன்," என்று வாசித்தார் பதிவுகாரர். இன்னொரு தடவையும் வாசித்தார். "நல்ல பேர். வாய்க்கு வடிவா வருது."

அஸீம் இந்த வார்த்தைகளை முன்னரும் கேட்டிருக்கிறான். மடிகேகெதர ஷம்சுத்தீன், வாய்க்கு வடிவா வருது. மடிகேகெதர கமருத்தீன், அதுவும் வடிவுதான். பிறகு கீழ்ப் புத்தகத்தைத் திறந்த இரண்டு நாட்களிலும், எழுத்து சரியா என்று பார்ப்பதற்காக, ராஜரத்தினம் அதே பெயர்களை அதே குரலில் வாசித்துக் காட்டினார். அப்போதும் அவை வடிவாகத்தான் இருந்தன. அதைத்தான் அஸீமால் தாங்க முடியாமல் போனது. அந்த இரண்டு நாளும் வெளியே வந்து வாவிக்கரையில் வெகுநேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனான்.

"ஐயா, அத எழுத வேணாம்."

"ஏன், எழுத்துப் பிழையோ?"

"எழுத்து சரி. பேர் வேற. குப்பைத்தம்பி எண்டு எழுதுங்க."

ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "குப்பையோ?"

"ஓ, குப்பை."

"தம்பி, இது கவர்ன்மெண்டுப் புத்தகம். ஒருக்கா எழுதினா எழுதினதுதான், நீர் நாளைக்கு மனம் மாறி வந்து நிண்டாலும் நான் ஒண்டும் செய்யேலாது. உம்மடை பெடியன் வளந்து இஞ்ச வந்து நிப்பான். எந்த விசரன் இதை எழுதினவன் எண்டு என்னைக் கேப்பான்."

"வந்து கேக்கட்டும், ஐயா," என்றான் அஸீம். "அவன் வளந்து வந்து கேக்கட்டும்."

பதிவுகாரர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு பேனாவை மையில் தோய்த்து எழுதினார். வழக்கம்போல் வாசித்துக் காட்டவில்லை. ஒற்றித்தாளை அழுத்தி, புத்தகத்தை மூடி, "போயிட்டு வாரும்," என்றார்.

* * *

அவன் திரும்பியபோது முற்றத்தில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஹவ்வா உம்மாவின் புருஷன் பிள்ளையின் தலைமுடியை இறக்கி முடித்திருந்தார். லெப்பை பாயில் அமர்ந்திருந்தார். உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் றம்லத்.

"எழுதியாச்சா, மருமகன்?"

"எழுதியாச்சு மாமா. குப்பைத்தம்பி எண்டு."

மரைக்கார் கதிரையில் உட்கார்ந்தார். விருந்தாளிகள் இருக்கும் வீட்டில் சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர்.

"கவர்ன்மெண்டுப் புத்தகத்துலயா?"

"ஓ."

"மையாலயா?"

"மையாலதான், மாமா."

மரைக்காருக்கு அது ஒரு குடும்ப மானப் பிரச்சினை. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். இருபது வருஷம் தெருவில் பெயர் சம்பாதித்தவருக்கு ஒரு பெயரின் விலை தெரியும். ஆனால் அவர் முகத்தில் கோபத்தோடு சேர்ந்து வேறொன்றும் இருந்தது. ஆறு நாள் நாக்கில் வைத்துச் சுவைத்த பலகாரத்தைப் பறிகொடுத்தவரைப் போல் இருந்தார்.

கடைசி நம்பிக்கையாக லெப்பையைப் பார்த்தார். லெப்பை அவரைக் கைவிடவில்லை.

"புத்தகத்துல என்ன எழுதினாலும் அது கவர்ன்மெண்டுக் கச்சேரி விஷயம்," என்றார் லெப்பை. "நான் இந்தப் புள்ளட காதுல குப்பை எண்டு செல்ல மாட்டேன். கெட்ட பேர்கள நபிகள் நாயகம் மாத்தி வச்சீக்கிறாங்க. நல்ல பேர் வைக்கிறது வாப்பா மேல புள்ளக்கி உள்ள ஹக்கு. அத நான் பறிக்க ஏலாது."

திரைக்குப் பின்னாலிருந்து றம்லத் பேசினாள். "நல்ல பேர் வச்ச ரெண்டு புள்ளயளையும் நீங்கதான் லெப்பை குளிப்பாட்டி அடக்கினீங்க."

லெப்பை தாடியைத் தடவினார்.

"மவுத்தும் ஹயாத்தும், சாவும் உசிரும், அல்லாஹ்ட கையில, மகள். பேர்ல இல்ல."

"தெரியும் லெப்பை. நான் ஓதினவள்தான். தெரிஞ்சிருந்தும் பயமா ஈக்குது. ராவெல்லாம் மூக்குல வெரல வச்சிப் பாத்துப் பாத்து முழிச்சிட்டு ஈக்கிறேன்."

லெப்பைக்கு இதற்கு மார்க்கக் கிதாபில் பதில் இருந்திருக்கலாம். அவர் அதைத் தேடவில்லை.

அஸீம் எழுந்தான். "லெப்பை, காதுல பேர் செல்றது வாப்பாவும் செய்யலாம்தானே?"

"வாப்பா செய்றதுதான் இன்னம் நல்லது."

"காதுல செல்றது மத்தவங்களுக்குக் கேக்கத்தான் வேணுமா?"

லெப்பை யோசித்தார். "புள்ளக்கிக் கேட்டாப் போதும்."

அஸீம் திரைக்குள் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தான். மொட்டைத்தலையில் சந்தனம் பூசியிருந்தது. மேற்கே கிப்லாவைப் பார்த்து நின்று, வலது காதோடு வாயை வைத்து, மூன்று தடவை எதையோ சொன்னான். நான்கு முழம் தள்ளி மரைக்கார் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு மூச்சுக் காற்றுத்தான் கேட்டது.

"நல்ல பேரா?" என்று கேட்டார் லெப்பை.

"நல்ல பேர்."

"வல்லாஹி? அல்லாஹ் மேல ஆணையா?"

"வல்லாஹி."

"அப்ப எனக்குப் போதும்," என்று லெப்பை துஆவுக்குக் கை ஏந்தினார்.

இப்படியாக மடிகேகெதர வீட்டு மூன்றாவது பிள்ளைக்கு இரண்டு பெயர் ஆயிற்று. ஒன்றைத் தெரு முழுக்கக் கூப்பிடலாம். மற்றது எது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

* * *

சாப்பாடு முடிந்து, அஸரும் தொழுதுவிட்டு அஸீம் தலைப்பாகை கட்டும்போது றம்லத் பக்கத்தில் வந்து நின்றாள். பிள்ளை தோளில் கிடந்தது.

"ஒனக்கு மட்டும் செல்லட்டா?" என்று கேட்டான்.

"வேணாம்." கையால் அவன் வாயைப் பொத்தினாள். "எனக்குத் தெரிஞ்சா ஒரு நாளைக்கி ஆசையில வாய் தவறிக் கூப்பிட்டுப் போடுவேன். நீங்களே வச்சிக்கோங்க."

"வாப்பா கேப்பாரே."

"கேக்கட்டும். எனக்குத் தெரியாது எண்டு செல்றது பொய்யில்லதானே."

"எட்டு நாளையில வந்துடுவேன்," என்றான் அஸீம். பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டு முத்தமிட்டான். பேராதனை ரோட்டில் மழை பிடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக இறங்கி நடந்தான்.

மரைக்காரோ அந்த நேரம் கடையில் வேறு வேலையில் இருந்தார். மனிதன் லேசில் தோற்றுப்போகிறவன் இல்லை. மத்தியானத்திலிருந்து கடையேறிய ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புத்தகத்துல குப்பை எண்டு எழுதினது திருஷ்டிக்கி. காதுல ஓதினது நஜ்முத்தீன். மருமகன் என்ட பேச்சத் தட்டமாட்டார்."

"ஒங்களுக்குக் கேட்டிச்சா, மரைக்கார்?" என்று எதிர்க்கடை பாத்திர வியாபாரி நளீர் கேட்டார்.

"கேக்கத் தேவையில்ல. வாய் போன போக்கப் பாத்தேன்."

நளீர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். மடிகேகெதர நஜ்முத்தீன் என்று இரண்டு மூன்று பேர் சொல்லிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. வீட்டுப் பெயரின் கரடுமுரடு எல்லாம் கடைசி எழுத்துக்கு வரும்போது தணிந்து இறங்கியது. மரைக்கார் இரண்டு பேருக்குச் சீலை விலையில் கொஞ்சம் குறைத்துக்கூடக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்வது வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன்னால் வீட்டுக்குள்ளிருந்து "வாப்பா" என்று ஒரு குரல் வந்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மரைக்கார் முழக்கோலைக் கையில் பிடித்தபடியே போனார். றம்லத் பாயில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில் கிடந்தது.

"பகலில இருந்து பால் குடிக்கல்ல. நான் தூக்கமாக்கும் எண்டு நெனச்சேன். இப்பத் தொட்டுப் பாருங்க."

மரைக்கார் குனிந்து பிள்ளையின் வயிற்றில் புறங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். மறுபடியும் வைத்தார். அந்தச் சூடு அவருக்குத் தெரிந்த சூடு. ஷம்சுத்தீனுக்கும் ஒரு சாயங்காலம் இப்படித்தான் ஆரம்பித்தது, பால் குடிக்காமல். கமருத்தீனுக்கும் இதே பாயில்தான்.

றம்லத் அழவில்லை. தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் சொன்னதில் ஒரு சொல்லையாவது அவர் நம்பியிருந்தால் போதும் என்பதுபோல் பார்த்தாள்.

"வாப்பா, கடையில இருந்து நஜ்முத்தீன், நஜ்முத்தீன் எண்டு சத்தம் வந்துக்கிட்டே இருந்திச்சி," என்றாள். "பகல் முழுக்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் மேல் குற்றம் சுமத்துகிற தொனியே அதில் இல்லை. மரைக்காரின் முழக்கோல் தரையில் விழுந்தது. அவர் பயந்துபோனார். கல்யாணம் பேசியபோதும், வியாபாரம் சரிந்தபோதும், இரண்டு மையித்துகளைத் தூக்கியபோதும் பயப்படாத மனிதன், தன் வாயை நினைத்துப் பயந்தார்.

செருப்புக்கூடப் போடாமல் கடை வழியாக ஓடித் தெருவுக்கு இறங்கினார். கடைகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மழை தூறியது. மூலைவீட்டைப் பார்த்து, "ஒஸ்தா மாமி," என்று கூப்பிட்டார். அவர் தெருவில் நின்று சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை. இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் வெளியே வந்தார்கள்.

நளீர் ஓடிவந்தார். "என்ன மரைக்கார், என்ன நடந்திச்சி? நஜ்முத்தீனுக்கு ஏதுமா?"

"யாரு நஜ்முத்தீன்?" என்றார் மரைக்கார்.

நளீர் விழித்தார்.

"அப்பிடி ஒருத்தன் எங்கட ஊட்டுல இல்ல." கூரைகளுக்கு மேலே பார்த்து, தெருவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி மரைக்கார் சொன்னார். "இல்ல, எங்கட ஊட்டுல நட்சத்திரமும் இல்ல, ஒண்டும் இல்ல. ஒரு குப்பைதான் கெடக்குது. மடிகேகெதர குப்பைத்தம்பி. தவிட்டுக்கு வாங்கினது. அதுக்குத்தான் கொஞ்சம் காய்ச்சல்."

மூலைவீட்டுக் கதவு திறந்தது. ஹவ்வா உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். மரைக்கார் மழையில் நின்று அதே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.